மருதியின் இடது கை

கிம்ஹே, தென்கொரியா
09.02.2025

அன்பு யதுவுக்கு,

உமது கடிதம் வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. உறையின் பின்பக்கம் மகள் தரு கீறிய நீலப் பூனையைக் கட்டிலுக்கு மேல் ஒட்டி வைத்திருக்கிறேன். பக்கத்தில் நீர் "பூனை" என்று எழுதியிராவிட்டால் நான் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் என்றுதான் நினைத்திருப்பேன். பக்கத்துக் கட்டில் நேபாளத்துப் பிமல் அது யானைதான் என்று இன்னமும் வாதாடுகிறான். இங்கே குளிர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அடைத்த மூக்கு மட்டும் இறங்கவில்லை.

போனில் காய்ச்சலையும் கரண்ட் பில்லையும் கதைத்துச் சண்டை பிடிப்போம், விளையாட்டைக் கடிதத்தில் வைத்துக்கொள்வோம் என்று சட்டம் போட்டது நீர்தான். மூன்று வருடமாக நான் அதை மீறவில்லை. நேற்றும் போனில் நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு இங்கே எழுதுகிறேன்: உமது மருதி பெரிய இக்கட்டில் நிற்கிறாள்.

வவுனியா கம்பசில் ஐந்து பேராக மேசையைச் சுற்றி இருந்து ஆடிய கதை ஆட்டத்தில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்தான். கதை சொல்ல நான், மருதியாக நீர், இரண்டு பேருக்கும் நடுவில் நீதிபதியாக அந்த இருபது முகப் பகடை. நீதிபதிக்கு முன்னால் சொல்கிறேன், இந்த முறை உம்முடைய பக்கம் பிழை.

மருதி எரிந்த ஊரில் கண்டெடுத்த குழந்தையோடு குளத்தில் தண்ணீர் திறந்துவிடுகிற துருசுக்கு வந்துவிட்டாள். துருசுக்கு மேலே ஓராள் மட்டும் நடக்கக்கூடிய பலகை. எதிரே கொள்ளைக்காரர் மூன்று பேர். நீர் எழுதியிருக்கிறீர்: "மருதி இடது கையால் பிள்ளையை இடுப்போடு அணைத்துக்கொண்டு வலது கையால் பொல்லைச் சுழற்றுகிறாள்." வாசிக்க வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏலாது. எங்களுடைய விதிப்புத்தகத்தில் பொல்லு இரண்டு கை ஆயுதம். ஒரு கையால் பிடித்தால் அது வெறும் ஊன்றுதடி, அடிக்கவும் உதவாது, தடுக்கவும் உதவாது. அந்த விதியை எழுதிய இரவு நீரும் மேசையில் இருந்தீர், தலையையும் ஆட்டினீர்.

ஆகவே மருதி பிள்ளையைப் பலகையில் இறக்கிவிட வேண்டும். அல்லது பொல்லைப் போட்டுவிட்டு வந்த வழியே ஓட வேண்டும். எது என்று எழுதும்.

இன்னொரு விஷயம். என்னுடைய ஒப்பந்தம் மார்கழியில் முடிகிறது. முதலாளி இன்னும் நாலு வருடம் நிற்கச் சொல்கிறார். ஆவணிக்குள் பதில் சொல்ல வேண்டும். இது விளையாட்டு இல்லை என்பதால் போனில் கதைப்போம்.

தருவுக்கு என் முத்தம். உமக்கு மிச்சம் எல்லாம்.

உமது
கோகுலன்

*

கனகாம்பிகைக்குளம், கிளிநொச்சி
08.03.2025

என் அன்புள்ள கதைசொல்லிக்கு,

ஊன்றுதடியா? வலய மட்டச் சிலம்படியில் முதலாம் இடம் எடுத்தவளுக்கு எழுதுகிற கடிதமா இது? அந்தக் கிண்ணம் இப்போதும் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. தரு அதற்குள் தன் றிபன்களைப் போட்டு வைத்திருக்கிறாள். அன்றைக்கு மேசையில் நான் தலையாட்டியது உண்மைதான். அது உங்களைப் பார்த்து ஆட்டியது, விதியைப் பார்த்து அல்ல.

நான் வாதாடப் போவதில்லை. செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

எங்கள் வளவுக்குப் பின்னால் இரணைமடு வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு பலகை கிடக்கிறதே, போன ஞாயிறு பின்னேரம் அதில் போய் நின்றேன். அறுவடை முடிந்துவிட்டதால் வாய்க்காலில் தண்ணீர் முழங்காலுக்கும் இல்லை, பயப்பட வேண்டாம். தருவை இடது இடுப்பில் வைத்தேன். வலது கையில் என் பழைய பொல்லு. கொள்ளைக்காரனாகப் பக்கத்து வீட்டு மீனம்மா அக்கா, கையில் வளவு கூட்டுகிற தும்புத்தடி. உங்களுக்குத் தெரியும், நான் பகடை உருட்டுவதற்கெல்லாம் சாட்சியாகக் கையெழுத்து வைக்கிறவ அவதான். "பேப்பர்ல எழுதுற சண்டைக்கு என்னத்துக்கும்மா நெசமா அடிபடணும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தா. வந்தவ முதலாவது அடியை என் முழங்கையில் போட்டா.

நீங்கள் சொன்னதில் பாதி சரி. பொல்லை நடுவில் பிடித்தால் அடியில் பாரம் இல்லை. நுனியில் பிடித்துச் சுழற்றினால் நாலாம் சுற்றில் மணிக்கட்டு விட்டுவிடுகிறது. அதோடு சுழற்றிய பொல்லை ஒரு கையால் நிறுத்துவது பெரும் பாடு. அது போன பாட்டில் போகிறது, அதற்குள் மீனம்மா அக்கா உள்ளே வந்துவிடுகிறா. இரண்டு கையால் பிடிக்கும்போது இந்தத் தலை அடித்தால் அந்தத் தலை காவல். ஒரு கையில் அது இல்லை.

மற்றப் பாதி பிழை. மூன்றில் ஒரு பங்கு விட்டுப் பிடித்து, பின்பக்கக் கட்டையை முன்னங்கைக்குக் கீழே கொடுத்து முழங்கையோடு ஒட்டிக்கொண்டேன். அப்போது பொல்லு கையின் எலும்பு மாதிரி ஆகிவிடுகிறது. சுழற்றத் தேவையில்லை. குத்தலாம், விலக்கலாம், முகத்துக்கு நேரே நீட்டிப் பிடிக்கலாம். வலது தோளை முன்னால் கொடுத்து நிற்பதால் இரண்டு கையால் எட்டாத தூரமும் எட்டுகிறது, பிள்ளையும் உடம்புக்குப் பின்னால் மறைந்துவிடுகிறாள். பலகையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் வர வேண்டும் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? அது எனக்கு நல்லதாய்ப் போயிற்று.

மேலிருந்து இறங்குகிற அடியை மட்டும் தடுக்க ஏலவில்லை. விலகத்தான் வேண்டும். இரண்டு முறை விலகினேன், மூன்றாம் முறை தும்புத்தடி தோளில் விழுந்தது. தரு கைகொட்டிச் சிரித்தாள். ஒரு கையில் பொல்லு பிடித்து ஆளை வீழ்த்த ஏலாது. ஆனால் தள்ளி நிறுத்தலாம். இதுதான் நான் கண்டது, இதைக் கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை.

எனவே மருதி பிள்ளையை இறக்கவும் மாட்டாள், பொல்லைப் போடவும் மாட்டாள். அப்படியே நிற்கிறாள். அவளுக்கு விதி எழுதுவது உங்கள் வேலை.

போனில் கதைப்போம் என்றீர்கள். கதைத்தோம். வழக்கம் போலத்தான் முடிந்தது.

உங்கள்
யது

சாட்சி: மீனம்மா (தோளில் விழுந்த அடி வேண்டுமென்று போட்டதில்லை என்று எழுதச் சொல்கிறா)

*

கிம்ஹே
15.04.2025

அன்பு யதுவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நேற்றே போனில் சொல்லிவிட்டேன், கடிதத்தில் சொல்லாவிட்டால் அது சொன்ன கணக்கில் வராதாம் எனக்கு.

உமது கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று கேட்க வேண்டாம். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கொரிய மொழியில் பிமலுக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன். முழங்கையோடு பொல்லை ஒட்டிப் பிடிக்கிற இடம் வந்ததும் அவன் எழுந்து போய், நிலம் துடைக்கிற தடியை எடுத்துவந்து பிடித்துப் பார்த்தான். "உன் மனைவி ராணுவத்திலா?" என்று கேட்டான். இல்லை, கமநல சேவை நிலையத்தில் விவசாயிகளுக்கு உர மானியம் பதிகிறா என்றேன். அவன் நம்பவில்லை.

யது, எனக்குப் பெருமை பிடிபடவில்லை. புத்தகத்தை வைத்துக்கொண்டு ஏலாது என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன். நீர் பலகையில் ஏறி நின்று பார்த்துவிட்டு, உமக்குப் பாதகமானதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர். தோற்ற இடத்தையும் எழுதுகிற ஆட்டக்காரியை நான் வேறு எங்கே தேட? என் விதி தோற்றது. புத்தகத்தில் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

புது விதி இது. பெயர் "ஒருகைக் காவல்". பொல்லை முழங்கையோடு ஒட்டிப் பிடிக்கிறவர் எதிரியை வீழ்த்த முடியாது, ஆனால் கிட்ட விடாமல் நிறுத்தலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் பகடை உருட்ட வேண்டும். எட்டு அல்லது அதற்கு மேல் விழுந்தால் காவல் நிற்கும். குறைந்தால் அடி விழும். இரண்டு அடி விழுந்தால் மருதி வாய்க்காலுக்குள். இடுப்பில் இருப்பது ஆறு கிலோக் குழந்தை என்பதால் களைப்பைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆறு கிலோவைச் சுமந்து நிற்பது மருதிக்குப் பெரிய விஷயம் இல்லை. உருட்டி எழுதும்.

ஒப்பந்தத்தைப் பற்றி: போனில் நீர் "உங்கட விருப்பம்" என்றீர். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தக் காசில் வீட்டுப் பின் அறையும் கட்டி முடித்துவிடலாம். நீர் எப்படியும் சமாளித்துக்கொள்வீர் என்று எனக்குத் தெரியும். அதை இந்தக் கடிதம் இன்னும் நன்றாகக் காட்டிவிட்டது.

அன்புடன்
கோகுலன்

*

கனகாம்பிகைக்குளம்
18.05.2025

கோகுலனுக்கு,

ஆறு கிலோ.

இந்த எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் மா அவிக்கும்போது விளங்கியது. நீங்கள் போவதற்கு முதல் கிழமை கிளினிக்கில் தருவை நிறுத்தோமே, நீங்கள்தான் அவளைத் தூக்கித் தராசில் வைத்தீர்கள். அன்றைக்கு அவள் ஆறு கிலோ. மருத்துவிச்சி சொன்னதும் ஏதோ பரீட்சை பாஸ் பண்ணியது போல என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். உங்கள் கைக்குத் தெரிந்த குழந்தை அவ்வளவுதான். வேறொரு குழந்தைக்கு நிறை எழுத உங்களுக்கு வேறு எண் வரவில்லை.

நான் அவளை நெல் நிறுக்கிற தராசில் ஏற்றினேன். மில்லில் சனம் எல்லாம் நின்று பார்த்தது. "புள்ளைய நெல்லுக் கணக்குல போட்டுறாதீங்க தம்பி" என்று மீனம்மா அக்கா தராசுக்காரனைப் பகிடி பண்ணினா. பதின்மூன்றரைக் கிலோ, கோகுல். அதுவும் சும்மா இருக்கிற பதின்மூன்றரை இல்லை. மயிரைப் பிடித்து இழுக்கும், பொல்லைப் பறிக்கும், நடுச் சண்டையில் தண்ணி விடாய்க்குது என்று சொல்லும். நான் பலகையில் நின்றது இதோடுதான். உங்களைக் குறை சொல்லவில்லை. போனில் பார்க்கிற பிள்ளைக்கு நிறை இல்லைத்தானே.

எனக்குக் கோபம். அதை மறைத்து எழுத எனக்கு வராது. நான் ஒரு கையால் தள்ளி நிறுத்தலாம் என்று எழுதியதை எடுத்து, "பார், சமாளிக்கிறாள், இன்னும் நாலு வருடம் நிற்கலாம்" என்று கணக்குப் போட்டுவிட்டீர்கள். வீழ்த்த ஏலாது என்று எழுதிய வரியை வாசிக்கவில்லையா? காய்ச்சல், வெள்ளம், கூரைக்குள் புகுந்த பாம்பு, அலுவலகத்தில் பின்னேரக் கூட்டம் என்று ஒவ்வொன்றையும் தள்ளி நிறுத்தியிருக்கிறேன். ஒன்றையும் முடித்து வைத்ததில்லை. பதவி உயர்வுச் சோதனைக்கு விண்ணப்பம் வந்தது, யாரிடம் பிள்ளையை விடுவது என்று மடித்து வைத்துவிட்டேன். அடுத்த நாளும் எல்லாம் அதே பலகையில் அதே இடத்தில் வந்து நிற்கின்றன. நீங்கள் என்னைப் புகழும்போது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் புகழ்ந்துவிட்டுப் போகிறவரைப் பார்த்து என்ன செய்வது?

"உங்கட விருப்பம்" என்று நான் சொன்னால் அது சம்மதம் இல்லை என்பது கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

ஆட்டத்துக்கு வருகிறேன். உங்கள் விதிப்படி உருட்டினேன். முதலாம் சுற்று பதினாறு. இரண்டாம் சுற்று ஒன்பது. மூன்றாம் சுற்று மூன்று. மீனம்மா அக்கா அந்த நேரம் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போயிருந்தா, நான் திரும்ப உருட்டியிருக்கலாம். உருட்டவில்லை. மருதியின் தோளில் அடி விழுந்துவிட்டது. இன்னொரு அடி பாக்கி. பிள்ளையை அவள் விடவில்லை.

வாருங்கோ என்று இந்தக் கடிதத்தில் நான் எழுதவில்லை. அதை நான் சொல்லி நீங்கள் வந்தால், பின் அறை கட்டி முடியாத ஒவ்வொரு மழைக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டி வரும். நிறையை மட்டும் திருத்தி எழுதுங்கோ.

யதுர்ஷிகா

சாட்சி: மீனம்மா (மூன்று விழுந்ததைப் பார்க்காவிட்டாலும் இவ பொய் எழுத மாட்டா)

*

கனகாம்பிகைக்குளம்
20.07.2025

கோகுலனுக்கு,

இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டால் சைக்கிளை மற்றப் பக்கம் திருப்புகிறார். போனில் மழையா வெயிலா என்று கேட்கிறீர்கள், வெயில் என்கிறேன். கடிதம் ஏன் வரவில்லை என்று போனில் கேட்க எனக்கு வழி இல்லை, நானே போட்ட சட்டம்.

தரு இப்போது இடுப்பில் இருக்க மாட்டேன் என்கிறாள். போன ஞாயிறு பலகைக்குப் போனபோது "அம்மா, என்னை இறக்கிவிடுங்கோ, நானும் அடிக்கப் போறன்" என்று ஒரு ஈர்க்கை எடுத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

மருதி இன்னும் துருசில்தான் நிற்கிறாள். இதற்குள் அவளை நீங்கள் மறந்திருந்தால் அதையாவது எழுதுங்கோ.

யது

*

கிம்ஹே
10.08.2025

என் அன்பு யதுவுக்கு,

மறக்கவில்லை. ஒன்றைச் செய்யாமல் கடிதம் எழுதக் கூடாது என்று இருந்தேன், அது இழுத்துக்கொண்டு போய்விட்டது.

உமது வைகாசிக் கடிதம் வந்ததற்கு அடுத்த ஞாயிறு, எங்கள் கம்பனிப் பிளாஸ்டிக் மணியைச் சாக்கில் அள்ளிப் பதின்மூன்றரைக் கிலோ நிறுத்தேன். படுக்கை விரிப்பால் அதை இடது இடுப்போடு கட்டினேன். வலது கையில் நிலம் துடைக்கிற தடியை நீர் சொன்ன மாதிரியே முழங்கையோடு ஒட்டிப் பிடித்தேன். விடுதி முற்றத்தில் சீமெந்துக் கட்டு ஒன்று இருக்கிறது, அதுதான் துருசு. பிமல் கொள்ளைக்காரன். மற்றக் கட்டில்காரர் எல்லாம் கதிரை போட்டு இருந்து பார்த்தார்கள்.

முதலில் எனக்கே சிரிப்பு. பிறகு இடுப்பு ஒரு பக்கமாக இழுக்கத் தொடங்கியது. சாக்கைப் பார்த்தால் தடி தாழ்கிறது, தடியைப் பார்த்தால் சாக்கு வழுகுகிறது. பிமலின் நாலாவது அடியில் சீமெந்துக் கட்டிலிருந்து கீழே விழுந்தேன். சாக்கு கிழிந்து முற்றம் முழுக்க மணி. பொறுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் நினைத்தேன், இந்தச் சாக்கு மயிரைப் பிடித்து இழுக்கவும் இல்லை, தண்ணீர் கேட்கவும் இல்லை. அடுத்த நாள் இயந்திரத்துக்கு முன்னால் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. நான் செய்தது ஒரு பின்னேரம் மட்டும். நீர் அதோடு திங்கட்கிழமை காலை வேலைக்கும் போயிருக்கிறீர்.

நீர் கெட்டிக்காரி என்று கம்பசிலேயே எனக்குத் தெரியும். அந்தக் கெட்டித்தனத்தின் நிறை இப்போதுதான் தெரிகிறது. என் வாழ்க்கையில் நான் கண்ட நல்ல ஆட்டக்காரி நீர்தான், யது. அதைச் சொல்லிவிட்டு இன்னும் நாலு வருடம் இங்கே இருக்க எனக்கு முகம் இல்லை.

இழுத்துக்கொண்டு போனதைப் போன வியாழக்கிழமைதான் செய்தேன்: முதலாளியிடம் போனேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். சம்பளம் போதாதா என்று கேட்டார். இல்லை, என் மகளின் நிறை எனக்குத் தெரியவில்லை என்றேன். என் கொரிய மொழி பிழைத்துவிட்டது என்று நினைத்துத் திரும்பக் கேட்டார், நான் திரும்பவும் அதையே சொன்னேன். பிறகு தலையை ஆட்டினார். மார்கழி பதினெட்டு விமானம். பின் அறைக்குக் கூரை இல்லைதான், தறப்பாள் கட்டலாம். விண்ணப்பத்தை மடித்த இடத்திலிருந்து எடுத்து நிரப்பும்.

இனி ஆட்டம். குழந்தையின் நிறையைத் திருத்திவிட்டேன், பதின்மூன்றரை. களைப்பும் கணக்கில் வருகிறது. அதன்படி மருதிக்கு இனி எட்டுப் போதாது, பன்னிரண்டு விழ வேண்டும். இரக்கப்பட்டு விதியை இளக்க மாட்டேன், நீரும் அதை விரும்ப மாட்டீர்.

ஆனால் உருட்ட முதல் இதையும் வாசியும். மருதிக்குப் பின்பக்கம், குளக்கட்டில் ஒரு ஆள் வருகிறான். தூரத்திலிருந்து நடந்து வந்தவன், செருப்பெல்லாம் புழுதி. அவன் கையில் பொல்லு இல்லை. சண்டையும் தெரியாது, ஏற்கெனவே ஒரு சீமெந்துக் கட்டிலிருந்து விழுந்து எழும்பியவன். மருதிக்கு முன்னால் போய் நிற்கிற எண்ணமும் அவனுக்கு இல்லை, அந்தப் பலகை அவளுடையது. அவளுக்குப் பின்னால் வந்து நின்று இரண்டு கையையும் நீட்டுகிறான். "பிள்ளையை என்னட்டைத் தாரும். நீர் ரெண்டு கையாலையும் பிடியும்" என்கிறான்.

மருதி பொல்லை இரண்டு கையாலும் பிடித்தபிறகு அந்த மூன்று பேருக்கும் என்ன நடக்கும் என்பதற்குப் பகடை தேவையில்லை. அது எனக்கும் தெரியும், மீனம்மா அக்காவுக்கும் தெரியும்.

பிள்ளை அந்த ஆளிடம் போவாளா என்பதற்குத்தான் உருட்ட வேண்டும். அவனை நேரில் கண்ட நினைவே அவளுக்கு இல்லை. எத்தனை விழ வேண்டும் என்று கதைசொல்லிக்கே தெரியவில்லை. அதை நீர் உருட்ட வேண்டாம், யது. பகடையை எடுத்து அந்தக் கிண்ணத்துக்குள் றிபன்களோடு போட்டு வையும். நான் வந்து வாசலில் நிற்கிறேன். அவளே உருட்டட்டும்.

உமது
கோகுலன்